குழாய் தானே இறங்கியது

ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்து, முன்பற்களால் நெருடிப் பார்த்து, கண்ணை மூடிக்கொள்கிறார். நறநறவென்றால் மணல். வழவழவென்றால் களி. மாவு போலக் கரைந்தால் வண்டல். பிறகு பக்கவாட்டில் துப்பிவிட்டு, "வண்டல்தான். ஆறு கொண்டுவந்து கொட்டுன சொத்து" என்கிறார். என் மனையைப் பார்க்க வந்த முதல் நாள் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "என்னண்ணே, இதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப மாட்டீங்களா?" என்று கேட்டேன். "அனுப்பாம என்ன? அவங்க பத்து நாள் கழிச்சுச் சொல்றதை நான் இப்பவே சொல்றேன், அவ்வளவுதான்."

கட்டடம் எழும்புவதற்கு முன் நிலத்தில் துளை போட்டு மண்ணைச் சோதிப்பது அவர் தொழில். கொத்தனாரிலிருந்து பொறியாளர் வரை எல்லாரும் அவரை 'மண்ணுதின்னி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் கூச்சமில்லாமல் "ஓ" என்று திரும்பிப் பார்க்கிறார். மூன்று கால் கம்பம், ஒரு குழாய், அறுபத்துமூன்றரை கிலோ சம்மட்டி. குழாய் முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை சம்மட்டி விழ வேண்டும் என்று எண்ணுவதுதான் சோதனை. "முப்பதுக்கு மேல போனா மாடி மேல மாடி கட்டுங்க. அஞ்சுக்குக் கீழ வந்தா கூடாரம் போட்டுக்கங்க" என்பார்.

வாயைத் திறந்தால் ஐயாயிரம் வருஷத்துக்குக் குறைந்து பேசமாட்டார். மகள் பள்ளியில் படித்த வரலாற்றுப் புத்தகம் இன்னும் அவருடைய கருவிப்பெட்டியில் கிடக்கிறது. படிப்பதற்கு இல்லை, சண்டை போடுவதற்கு. "இதுல ராஜா பேரு நாப்பது இருக்கு. மண்ணைப் பத்தி ஒரு வரி இருக்கா? மனுஷன் என்ன, பார்த்துப் பார்த்தா இடம் பிடிச்சான்? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாலைவனம், நடுவுல ஆறு. வேற எங்க போவான்? வெள்ளம் வண்டலைக் கொட்டுச்சு, விதைச்சான், தின்னது போக மிச்சமாச்சு. மிச்சத்தை வைக்கக் களஞ்சியம், களஞ்சியத்துக்குக் காவல், காவலுக்கு மேல ராஜா. கடைசியில வந்து சேர்ந்தவருங்க அவரு!"

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். "ஆனா ஆறு ஒரே இடத்துல உட்காராது. ஒரு வெள்ளத்துல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும். ஊரு அம்போன்னு நிக்கும். அதனால மேல்மண்ணைப் பார்த்து மயங்காதீங்க. துளை போடாம ஒரு செங்கல்லு வைக்காதீங்க."

என் காலி மனைக்கு அடுத்தது அவர் மகளின் வீடு. ஒன்பது வருஷத்துக்கு முன் மகளுக்கும் மருமகனுக்கும் அந்த இடத்தைப் பார்த்துக் கொடுத்தவர் இவர்தான். இப்போது இருக்கிற மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள். போன மாதம் சமையலறைச் சுவரில் மயிரிழையாய் ஒரு விரிசல் ஓடியது. இவரே பட்டி வைத்து அடைத்தார். "பூச்சு வெடிச்சிருக்கும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று மகளிடம் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன்.

என் மனையில் மூன்று துளைகள். தெரு ஓரத்தில் போட்டதில் சம்மட்டி விழுந்தது இருபத்துநான்கு முறை. நடுவில் பதினொன்று. "என்ன இது, பாதிக்கும் கீழ போகுது" என்று முனகினார். மூன்றாவது, மகள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி. மேலே இரண்டு மீட்டருக்கு அருமையான வண்டல். அதற்குக் கீழே, சம்மட்டியைக் குழாயின் தலையில் உட்கார வைத்தார்கள். இன்னும் யாரும் தூக்கி அடிக்கவில்லை. குழாய் தானாகவே இறங்கியது. நிற்கும் நிற்கும் என்று பார்க்கிறோம், போய்க்கொண்டே இருக்கிறது! சம்மட்டியைத் தூக்கக் கயிறு பிடித்திருந்த ஆட்கள் இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

குழாயை வெளியே எடுத்துப் பிரித்தால் உள்ளே கறுப்புச் சேறு. அதில் கரித்துண்டு, மீன்முள், என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பானை ஓடு. ஓட்டின் மேல் யாரோ நகத்தால் கீறிய கோடு.

"அண்ணே, இங்க மனுஷங்க இருந்திருக்காங்க!" என்று குதித்தேன். அவர் ஓட்டைத் தொடவில்லை, சேற்றை விரலால் பிசைந்துகொண்டிருந்தார்.

"இருந்தது இங்க இல்ல, கரையில. இது ஆறு ஓடின பள்ளம். ஆறு திரும்பிப் போயிருக்கு. பள்ளத்துல குப்பையைக் கொட்டியிருக்காங்க. அப்புறம் அவங்களும் போயிட்டாங்க."

இருபத்துநான்கு, பதினொன்று, பூஜ்யம். பள்ளம் எந்த வீட்டை நோக்கிப் போகிறது என்று எனக்கே புரிந்துவிட்டது.

"அங்க துளை போட்டுப் பார்த்தீங்கதானே?" என்றேன்.

"நாக்குல வச்சுப் பார்த்தேன். நல்ல வண்டல்." சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம பொண்ணு வீட்டுக்கு எதுக்குத் துளையெல்லாம்னு இருந்துட்டேன்."

அடப்பாவி மனுஷா! ஆயிரம் மனையில் துளை போட்டவர் ஒரே ஒரு மனையை விட்டுவைத்தார், அதுவும் எந்த மனையை! கத்த வேண்டும் போல் இருந்தது.

மாடியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள், இடுப்பில் குழந்தை. "என்னப்பா, நம்ம பக்கத்து மண்ணு எப்படி? தங்கமா?"

நாக்குக்குக் கொண்டுபோன சேற்றை அவர் அப்படியே கீழே விட்டார். "இறங்கி வாம்மா. குழந்தையையும் தூக்கிட்டு வா. நாளைக்குத் தளம் போட வேணாம்."

"விளையாடறீங்களா? கம்பியெல்லாம் கட்டியாச்சு. காலையில கான்கிரீட் லாரி வந்துடும்பா!"

"மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ முதல்ல கீழ வா."

கருவிப்பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். மகள் சமையலறை வாசலில் வந்து நிற்க, தன் கையால் வைத்த பட்டியைத் தானே சுரண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. போன மாதம் நகம்கூட நுழையாத விரிசலுக்குள் சுண்டுவிரலைக் கணுவரை விட்டு, எடுக்காமல் அப்படியே நின்றார்.