செம்பரம்பாக்கம் கல்யாணமும் கடைசிப் பந்தியும்

முதலில் நல்ல சேதி. பெரிய பேரன் அருண் பெங்களூரில் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறான். அவன் தங்கை ஷீபா பேங்க் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்து ஆவடியில் வேலை பார்க்கிறாள். கடைக்குட்டி ஜெனி கால்நடை டாக்டருக்குப் படிக்கிறாள். தாத்தாவுக்கு இருந்த அதே சர்க்கரை வியாதி பத்து வயதில் அவளுக்கும் வந்தது. அன்றிலிருந்து தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். மூன்று பேருமே தங்கம். நான் ஐந்தாவதோடு நின்றவள். நான் எழுதித் தருவதை ஷீபாதான் பிழை திருத்தி இங்கே போடுகிறாள்.

ஜெனி அடுத்த வாரம் காலேஜோடு கொடைக்கானல் போகிறாள். வீட்டு ஆள் துணை இல்லாமல் போகும் முதல் பயணம். அவளுக்காகவும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஆளோடு வெளியூர் கிளம்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, மே மாதம். என் வீட்டுக்காரருடைய அக்கா மகளுக்குச் செம்பரம்பாக்கத்தில் கல்யாணம். நாங்கள் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தோம். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டினார். இருபது வயதிலிருந்தே இன்சுலின். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. அவர் சிரித்தால் நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஏனென்றால் சர்க்கரை இறங்கும்போது மட்டும்தான் அவர் முகத்தில் சிரிப்பு வரும். சின்னப் பிள்ளை மாதிரி, காரணமே இல்லாமல். நான் உடனே கொஞ்சம் சர்க்கரையை வாயில் போடுவேன். சிரிப்பு போய் ஆள் திரும்புவார்.

காலையில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து ஊசி போட்டேன். இட்லி சாப்பிட்டார். அம்பத்தூரில் பஸ் ஏறி, திருமுல்லைவாயில் தாண்டி ஆவடி. அங்கே மாறிப் பூந்தமல்லி. அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஏழெட்டு கிலோமீட்டர். மாறி மாறி ஏறியதில் இரண்டரை மணி நேரம் ஆனது. ஏரிக்கரையில் காற்று நன்றாக இருந்தது. அன்றைக்கு நல்லதாக இருந்தது அது ஒன்றுதான்.

சர்ச்சில் பூசை முடிந்து பந்தலுக்கு வரும்போது பன்னிரண்டு. முதல் பந்தி போட்டார்கள். "உட்காருங்க, ஊசி போட்டிருக்கு" என்றேன்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் நான். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நிக்க நான் உக்காந்து துன்னா நல்லாவா கீது? கடைசிப் பந்திதான்" என்றார். பெண் வீட்டார் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். எங்களில் அப்படித்தான்.

இரண்டாவது பந்தி நடக்கும்போது குடும்பப் போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். போட்டோ எடுத்ததும் கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: "இன்னா மாமே, இன்னிக்குத்தான் பல்லு வெளிய தெரியுது!"

திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். அவர் வாய் அருகே கொண்டுபோகும்போது அவருடைய அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"சக்கரை வியாதிக்காரனுக்குச் சக்கரையா குடுக்கிறே? என் தம்பியைக் கொன்னுடுவே போல கீதே!"

"கொறைஞ்சிடுச்சு அண்ணி, உடுங்க!"

"இத்தினி வருசம் குடும்பம் பண்ணி இதுகூடத் தெரியலையாடி?"

கொல்லும் எண்ணம் அண்ணிக்கும் இல்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். சர்க்கரை மண்ணில் கொட்டிப் போனது. என் வீட்டுக்காரர் விழுந்தார். கை கால் இழுத்தது. வலிப்பு என்று சொல்லி ஆளாளுக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். பல் கிட்டிவிட்டது. இனி வாயில் எதுவும் போட முடியாது.

மாப்பிள்ளை வந்த வேனில், கட்டியிருந்த பூவைக்கூட எடுக்காமல் அவரை ஏற்றினோம். டிரைவர் திரும்பிப் பார்த்து, "பட்டப்பகல்லயே சரக்காம்மா?" என்றார்.

"குடிக்கிற ஆளில்லை நைனா. சர்க்கரை கம்மியாயிடுச்சு."

"சக்கரை வியாதின்றே, அப்பால சக்கரை கம்மின்றே. இன்னாம்மா கத வுடுறே?" கேட்டுக்கொண்டே வேகமாகத்தான் ஓட்டினார். பூந்தமல்லியில் முதலில் போன டாக்டர் வீடு பூட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

சாயங்காலம் கண் திறந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சிஸ்டர், மறுபடி இறங்குது!" என்று கத்தினேன். நர்ஸ் அவர் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "சுகர் சரியாத்தாம்மா இருக்கு" என்றார். சிரிப்பு நிற்கவில்லை. ரொம்ப நேரம் மூளைக்குச் சர்க்கரை போகவில்லை என்று டாக்டர் மறுநாள் சொன்னார்.

அதன் பிறகு லேத் அவர் கைக்கு வரவில்லை. என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. சிரிப்பு மட்டும் எந்நேரமும் இருந்தது. எதை வைத்து நான் அவரைக் காப்பாற்றி வந்தேனோ அந்த அடையாளமே போய்விட்டது. எது நல்ல சிரிப்பு, எது கெட்ட சிரிப்பு என்று தெரியாமல் ஏழு வருஷம் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தொண்ணூறுகளில் ஒரு நாள் காலை, நான் தண்ணீர் பிடித்துவிட்டு வரும்போது போயிருந்தார். பார்க்க வந்தவர்கள், "சிரிச்ச முகமாப் போயிட்டாரு, கொடுத்து வெச்சவரு" என்றார்கள்.

போகிறவர்கள் கவனிக்க: ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பாடு. எந்தப் பந்தி, யார் மரியாதை என்று பார்க்காதீர்கள். சர்க்கரையைப் பெட்டியில் வைக்காதீர்கள், உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர்களிடம் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்: தடுமாறினால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும், நினைவு இல்லையென்றால் வாயில் ஒன்றும் போடாமல் ஆஸ்பத்திரி. சாவிக்கொத்து வேண்டாம். இப்போதெல்லாம் சர்க்கரை இறங்கி மயங்கினால் போடவென்றே ஒரு ஊசி இருக்கிறது, உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

அந்தக் கல்யாணப் போட்டோ அண்ணி வீட்டுச் சுவரில் ரொம்ப நாள் மாட்டியிருந்தது. எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார் என்று எல்லாரும் சொல்வார்கள்.

ஜெனி கண்ணு, நீ அனுப்புகிற போட்டோ எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டே இருக்கிறாய். கொடைக்கானல் போனதும் புதுசாக ஒரு போட்டோ எடுத்துப் போடு. அதில் மட்டும் சிரிக்காமல் நில்.