தலைமாட்டில் நிற்கிறவர்

“கடலுக்குப் போயி எத்தன நாளாச்சு?” என்று கேட்டபடியே ஆஸ்பத்திரி மாடிக்குப் போகும் இரண்டாவது படியில் கால் வைக்கிறார் டாக்டர் இளமதி. பக்கத்தில் சேவுகன். ஜெகதாப்பட்டினத்து மீனவர், அறுபது வயது. நாளைக் காலை அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன்.

“இருவது நாளு டாக்டரம்மா. நண்டு நல்லாப் படுதாம்… மகன்…” பத்தாவது படியில் வாக்கியம் அறுகிறது. “போயிருக்கான்…” மேல்படிக்கு வந்தபோது பேச்சுக்குப் பதில் இருமல்தான் வருகிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கப் பார்க்கிறார். தன்னைப் பரிசோதித்தாயிற்று என்பது அவருக்குத் தெரியாது. இளமதியைப் பற்றி எழுதுவதற்காகப் பின்னால் ஏறிவந்த எனக்கும் தெரியவில்லை.

“பீடி எத்தனை?”

“விட்டுட்டேன் டாக்டரம்மா.”

“எப்ப?”

“நேத்து.”

இளமதி சிரிக்கவில்லை. கீழே இறங்கியதும் மகள் இலக்கியாவைத் தனியே அழைத்து, “நாளைக்கு வேணாம்மா. நெஞ்சு டாக்டரப் பாத்து மருந்து வாங்குங்க. பீடிய நிறுத்திட்டு நாலு வாரம் கழிச்சுக் கூட்டியாங்க” என்றார்.

“சொந்தக்காரவுக எல்லாம் வந்துட்டாகளே!”

“வந்தவுக சாப்புட்டுப் போகட்டும். இப்ப மயக்கம் குடுத்தா மூச்ச மீட்டுக் குடுக்க நான் ரொம்பப் பாடுபடணும். இந்த இருமலுக்குத் தையலும் தாங்காது.”

இளமதி மயக்க மருத்துவர். வயது நாற்பத்தாறு. சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது. புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி என்று எந்தச் சின்ன ஆஸ்பத்திரி கூப்பிட்டாலும் பழைய காரில் போய் இறங்குவார். முந்தின நாள் ஆளை நேரில் பார்க்காமல் மயக்க ஊசி போடுவதில்லை என்பது அவருடைய பிடிவாதம். உயிர் போகிற அவசரம் என்றால் மட்டும் விதிவிலக்கு. மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் செருக வழி இருக்கிறதா என்று அறிய, வாயைத் திறக்கச் சொல்லி மூன்று விரல் நுழைகிறதா என்று பார்க்கிறார். கூரையைப் பார்க்கச் சொல்லிக் கழுத்து எவ்வளவு சாய்கிறது என்று கணிக்கிறார். ஆடுகிற பல்லை நாக்கால் காட்டச் சொல்கிறார். ஆபரேஷன் அன்று, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பதே இல்லை. “காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்பார். “ஒண்ணுமில்லீங்க, ரெண்டே ரெண்டு இட்லிதான்” என்று பதில் வரும். அன்றைய ஆபரேஷன் தள்ளிப் போகும்.

கல்யாண வீட்டிலும் இந்தக் கண் ஓய்வதில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, “குட்டைக் கழுத்து, உள்வாங்குன தாடை. கஷ்டமான ஆளு” என்று முணுமுணுத்தாராம். பெண்ணின் சித்தி பயந்துபோய்விட்டார்.

ஆபரேஷன் மேசையின் தலைமாட்டில் அவர் நிற்கிறார். குறுக்கே கட்டிய பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் நோயாளியின் முகம், அந்தப் பக்கம் மருத்துவரின் கைகள். இருபது வருடமாக இரண்டையும் பார்க்கிறார். எந்த மருத்துவர் எப்படி என்று மாவட்டத்தில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. ஆனால் வெளியே வாய் திறக்க மாட்டார். நான் திரும்பத் திரும்பக் கேட்டதற்குக் கிடைத்தது இவ்வளவுதான்: “வேகத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ரத்தம் பீச்சுறப்பப் பாக்கணும். சரியான ஆளு ஒரு வெரல வச்சு அமுக்கிக்கிட்டு சும்மா நிப்பாரு. மத்தவுக நர்ஸத் திட்டுவாக.”

அறுவை மருத்துவர் குணசேகரனின் கதையைச் சொன்னது இளமதியில்லை. குணசேகரனின் சொந்த ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக இருக்கும் நர்ஸ் சுகுணா. குணசேகரனே, “எழுதுங்க, நல்லது” என்று அனுமதி கொடுத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு அறுபத்தெட்டு வயது. டவுனில் பாதிப் பேர் வயிற்றில் அவர் போட்ட தையல் இருக்கும். படிப்பு முடித்து வந்த இளமதியை முதன்முதலில் வேலைக்குக் கூப்பிட்டவரும் அவர்தான். அந்த வருடம் அவர் கையில் ஒரு மாற்றத்தை இளமதி கண்டார். முன்பெல்லாம் ஒரே தடவையில் விழுந்த முடிச்சுக்கு இரண்டு, மூன்று தடவை முயன்றார். ஒருநாள் கத்தரி, நூலை விட்டுக் காற்றை வெட்டியது. விளக்கைத் திருப்பு, விளக்கைத் திருப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தனியாகப் பார்த்து, “சார், ஒரு நரம்பு டாக்டர்ட்ட காட்டலாமே” என்று இளமதி இரண்டு முறை சொன்னார். “தூக்கமில்லம்மா, வேற ஒண்ணுமில்ல” என்று பதில் வந்தது.

பிறகு திருவரங்குளத்திலிருந்து ராக்காயி வந்தார். கழுத்தில் எலுமிச்சை அளவு தைராய்டு கட்டி. கட்டியை ஒட்டி, குரலுக்குப் போகிற நரம்பு நூல் போல ஓடும். அது அறுந்தால் பேச்சு போய்விடும். காலை எட்டு மணிக்கு ராக்காயியைச் சோதித்துவிட்டு இளமதி நேரே டாக்டர் அறைக்குப் போனார். சுகுணா கேஸ் ஃபைலோடு நின்றிருந்தார்.

“பேஷண்ட் எப்படி இருக்கா?” என்றார் குணசேகரன்.

“அந்தம்மா ஃபிட்டுங்க சார். நீங்க ஃபிட் இல்ல” என்றார் இளமதி.

குணசேகரன் எழுந்து, “ஒன்ன வளத்து விட்டவன்கிட்ட பேசுற பேச்சா இது? வெளிய போ. வேற மயக்க டாக்டரு வராமயா போயிருவாக?” என்று கத்தினார்.

“கூப்பிடுங்க சார். வர்றவுகள்ட்டயும் நான் இதத்தான் சொல்லுவேன்.”

வெளியே வந்த இளமதி வீட்டுக்குப் போகவில்லை. பச்சை உடுப்போடு ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார் என்கிறார் சுகுணா. இனி அந்த ஆஸ்பத்திரி மட்டுமல்ல, டவுனில் எந்த ஆஸ்பத்திரியும் அவரைக் கூப்பிடாமல் போகலாம். அது அவருக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் போனது. கதவு திறந்தது. குணசேகரன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்ட முடியாமல் நின்றார். “மூணு மாசமா இத வீட்டுக்காரிதான் போட்டு விடுறா” என்றார். பிறகு, “திருமுருகனக் கூப்பிடு” என்றார்.

திருமுருகன் திருச்சியில் தைராய்டு ஆபரேஷனில் பேர் வாங்கியவர். மறுநாள் அதே தியேட்டருக்கு வந்தார். அவருக்கு எதிரே உதவி மருத்துவர் நிற்கிற இடத்தில் குணசேகரன் நின்றார். சதையை விலக்கிப் பிடிக்கும் கருவியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நரம்பு தெரிந்ததும், “அந்தா, அங்கிட்டு” என்று முதலில் சொன்னது அவர்தானாம். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

கட்டி வெளியே வந்தது. இளமதி தொண்டையில் செருகியிருந்த சுவாசக் குழாயை எடுத்துவிட்டு, குனிந்து, “ஆத்தா, ஏதாச்சும் பேசுங்க” என்றார். ராக்காயி கண் திறக்கவில்லை. மானிட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

“மாட்டுக்குத் தண்ணி வச்சாகளா?” என்றார் ராக்காயி. கணீரென்ற குரல்.

திருமுருகன் சிரித்தேவிட்டார். குணசேகரன் மட்டும் பக்கத்து அறைக்குப் போனார். ராக்காயியை வார்டுக்கு அனுப்பிவிட்டு இளமதி அங்கே போனபோது, குணசேகரன் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். முதுகுப்பக்கம் இருந்த கவுன் முடிச்சோடு அவர் கை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் நாடாவைத் தொடுவதும் நழுவவிடுவதுமாக இருந்தன.

இளமதி பின்னால் போய் நின்று, அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்.