வேப்பிலை கட்டிய கிறிஸ்மஸ்

தம்பி பிறந்த வருஷம்தான் எங்கள் வீட்டில் கிறிஸ்மஸும் பிறந்தது. அதுவரை கிறிஸ்மஸ் என்றால் மேக்கணக்குக்காரர்கள் காரியம். கந்தப்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சிப் பக்கத்தை அப்படித்தான் சொல்வோம்; மாதா கோயில் அங்கேதான் இருந்தது. அம்மா அங்கே பிறந்தவர். அப்பாவைக் கட்டிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, கீழே எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு இறங்கி வந்த நாளிலிருந்து அவருடைய அண்ணன், அதாவது என் மாமா, அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எதிர்ப்பட்டால்கூட மாமா தராசு முள்ளை உலக அதிசயம்போலப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

தம்பியின் முதல் கிறிஸ்மஸைக் கொண்டாட வேண்டும், இனி வருஷா வருஷம் கொண்டாட வேண்டும் என்று அம்மா சொன்னபோது அப்பா மறுக்கவில்லை. என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார். எண்ணெய் முழுக்கு உண்டா? இல்லை. புதுத்துணி? உண்டு. வெடி, பலகாரம், கோழி? எல்லாம் உண்டு.

"அப்பறம் என்ன, நம்ம தீவாளிதான். கொஞ்சம் பிந்தி வருது" என்றார்.

அம்மாவுக்குப் பலகாரத்தைவிட நட்சத்திரம்தான் முக்கியமாக இருந்தது. கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம் மேக்கணக்கிலிருந்து பாட்டுக் கோஷ்டி இறங்கும். நட்சத்திரம் தொங்குகிற வீட்டைப் பாடாமல் தாண்டக்கூடாது என்பது கோஷ்டியின் கட்டுப்பாடு. அந்தக் கோஷ்டிக்கு டோலக்கு அடிப்பவர் மாமா. அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். மாமா தானாக வரமாட்டார். டோலக்கு வந்தால் அதைக் கட்டியிருக்கும் ஆளும் கூடவே வந்துதானே ஆகவேண்டும். அப்பா மூங்கிலைச் சீவி, சிவப்புத் தாள் ஒட்டி, உள்ளே ஒரு பல்பும் வைத்து இறவாரத்தில் தொங்கவிட்டார். நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று யாரையும் கேட்காததால் அதற்கு ஒரு முனை கூடுதலாக இருந்தது.

பிள்ளைப்பேறு பார்க்க மாத்தளையிலிருந்து வந்திருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, இதெல்லாம் பிடிக்கவில்லை.

"முப்பத்தொண்ணு கழியாத வீடு. ஊர்க்கூட்டத்தக் கூப்புட்டு வச்சிக்கிட்டு, பச்சப்புள்ளைக்கு ஏதாச்சும் காத்துக் கருப்பு அண்டுனா ஆரு பொறுப்பு? எந்தம்பி பொண்டாட்டிக்குத் தலையாட்டுறான்னு நானும் ஆட்ட முடியுமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. தம்பியைக் குளிப்பாட்ட ஊரிலிருந்து பை நிறைய வேப்பிலை கொண்டுவந்திருந்தார். அப்பா கோழி வாங்கப் போன நேரத்தில், மிச்சமிருந்த கொத்தை வாசல் நிலையில் கட்டிவிட்டார். மாத்தளையில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு அப்படிக் கட்டுவது வழக்கமாம். எங்கள் குளிரில் வேப்பமரம் வளராது. ஆகவே எங்கள் பக்கத்தில் யாராவது பாடுபட்டு வேப்பிலை தேடி வாசலில் கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, வெளியாள் வராதே. இது அத்தைக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், ஆனால் பிள்ளை பெற்றவளை வாசல் பக்கம் வரவிடாமல் வைத்திருந்ததும் அதே அத்தைதான். கோழியோடு திரும்பிய அப்பா பின்னால் குசினிப் பக்கமாக நுழைந்ததால் அதைப் பார்க்கவில்லை.

மூடுபனி இறங்குகிற நேரத்தில் டோலக்குச் சத்தம் கேட்டது. அம்மா இஞ்சித் தேத்தண்ணியைக் கொதிக்கவைத்தார். கேக்கை வெட்டித் தட்டில் அடுக்கினார். தம்பிக்குத் தொப்பியைச் சரிசெய்தார். சத்தம் எங்கள் லயத்தின் கோடிவரை வந்தது. பிறகு நின்றுவிட்டது. யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்கள். காலடிகள் மட்டும் வாசலுக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானோரமாகக் கடந்து போயின. அடுத்த லயத்தில் பாட்டு மறுபடி தொடங்கியது, டோலக்கு இல்லாமல்.

அம்மா தேத்தண்ணிச் சட்டியை இறக்கி வைத்தார்.

"எங்க அண்ணன் நம்ம வாசலைத் தாண்ட வச்சிருச்சுங்க" என்றார்.

"விடு புள்ள. நாமளே பாடிக்குவோம்" என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்ததெல்லாம் காமன் கூத்தில் ரதி ஒப்பாரி வைக்கிற பாட்டு. அதையே மெதுவாகப் பாடினார். தம்பி தூங்கிவிட்டான். கேக்கை நான்தான் அதிகம் தின்றேன்.

மறுநாள் காலை கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது குசினிப் பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். மாமா நின்றிருந்தார். கோயிலுக்குப் போட்ட புதுச் சட்டை. சப்பாத்தைக் கானுக்கு அப்பாலேயே கழற்றிவிட்டு வந்ததால் பாதங்கள் குளிரில் சிவந்திருந்தன. இரண்டு கையிலும் செவ்விளநீர்க் குலை. கிறிஸ்மஸ் காலையில் திறந்திருந்த பாய் கடைக்கு, டவுன்வரை நடந்து போய் வாங்கியிருந்தார்.

படி ஏறாமல், "புள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்றார். "நேத்து வாசல்ல வேப்பிலையப் பார்த்தேன். அடிக்க கை வரல."

அம்மா மாமாவின் காலைப் பார்த்தார், இளநீரைப் பார்த்தார், திரும்பி வாசல் நிலையைப் பார்த்தார். எல்லாம் ஒரு நொடிதான்.

"தண்ணி ஊத்தியாச்சுண்ணே" என்றார். "எறங்கிருச்சு. நீங்க உள்ள வாங்க."

"தம்பிக்குத்தான் அம்மையே போடலையே, அத்தைதான்..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ரெண்டு நாள் நீலமாக இருந்தது. அத்தை வாயைத் திறந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

அம்மை போட்ட வீட்டில் தாளிக்கமாட்டார்கள், கறி சமைக்கமாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் அது தெரியும். மாமா கோழிக்குழம்பு கொதிக்கும் அடுப்பருகே உட்கார்ந்து தம்பியை மடியில் வாங்கினார். துணியை விலக்கி முகம், நெஞ்சு, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை, ஒரு தழும்பு இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லா எறங்கிருக்கு" என்றார். "தழும்புகூட தெரியல, தங்கச்சி."

பிறகு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். குழம்பில் மிளகு தூக்கல் என்றும் சொன்னார்.

எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை, நான் சொன்னதும் காதில் விழவில்லை. கண்ணும் காதும் இப்படியிருக்கிற மனிதர் டோலக்கு எப்படி அடிக்கிறார் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.