இடுப்பு வலி உள்ளவர்கள் கை தூக்கலாம்

என் அப்பா எந்த நாடகத்தையும் ஒழுங்காகப் பார்த்தவரில்லை. மேடையில் ராஜா மகனைப் பறிகொடுத்து அழும்போது அரங்கமே மூக்கை உறிஞ்சும். அப்பா மட்டும் ராஜாவின் தலைக்கு மேலே தொங்கும் விளக்கின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணெய்க் கம்பெனிகளிடம் ஒப்பந்த வேலை எடுக்கும் ஒரு நிறுவனத்தில் அவர் சேஃப்டி ஆபீசர். யாருக்கு எங்கே அடிபடும் என்று யோசிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர், லீவு நாளான வெள்ளிக்கிழமையில் மட்டும் யோசிப்பதை நிறுத்திவிடுவாரா என்ன?

அப்போது நாங்கள் குவைத்தில், ஃபஹாஹீலில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அங்கிருந்த தமிழர்களின் சங்கம் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடும். முன்னால் நடிப்பவர்கள் இன்ஜினீயர்களும் அவர்கள் மனைவிமாரும். பின்னால் சிம்மாசனம் தூக்கி, அட்டை மரம் நிறுத்தி, திரை இழுப்பவர்கள் கேம்ப்பிலிருந்து லீவு நாளில் வேனில் வந்து இறங்கும் தொழிலாளிகள். ஆறு நாள் சைட்டில் சுமந்துவிட்டு ஏழாவது நாள் இங்கே வந்து சுமப்பார்கள். கேட்டால், ரூமிலேயே கிடந்து என்ன செய்வது என்பார்கள். அவர்களுக்குப் பொறுப்பாளராகச் சங்கம் அப்பாவைப் போட்டது.

அப்பா முதல் வேலையாக ஒரு சாக்பீஸை என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு பொருளின் பின்பக்கத்திலும் அதைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று நான் எழுத வேண்டும். நாற்காலிக்கு ஒன்று, மரத்துக்கு இரண்டு, அரண்மனைக் கதவுக்கு மூன்று, இரும்புக் குழாயில் ப்ளைவுட் அடித்துச் செய்த சிம்மாசனத்துக்கு நான்கு. ஓர் ஆள் குறைந்தாலும் அப்பா ஒத்திகையையே நிறுத்திவிடுவார். ராஜா வேஷம் போட்ட மாமா, இது நாடகமா இல்லை பள்ளிக்கூட டிரில்லா என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கு என்பது அப்பாவின் மந்திரம். வீட்டில் பென்சில் கீழே விழுந்தாலும் நான் முட்டியை மடக்கி உட்கார்ந்துதான் எடுப்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

தூக்க ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கையைக் காலை நீட்டி மடக்கச் சொல்வார். பிறகு ஒரு கேள்வி கேட்பார்.

"யாருக்காச்சும் இடுப்பு வலி, முதுகு வலி இருக்கா? இருந்தா கை தூக்குங்க. வெக்கப்படாதீங்க."

பன்னிரண்டு பேர் நிற்பார்கள். ஒரு கைகூட உயராது. எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது மூன்றே பேர். தினமும் ஒருவருக்காவது எங்கேயாவது வலிக்கும். நாள் முழுக்க வெயிலில் இரும்பு தூக்குகிறவர்களுக்கு மட்டும் எப்படி வலிக்காமல் இருக்கும்? நான் துப்பறிய இறங்கினேன். மூன்று வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராகக் கவனித்ததில் ஒருவர் அகப்பட்டார். சாரம் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவர்; சொந்த ஊர் அறந்தாங்கி என்பதால் எனக்கு அவர் அறந்தாங்கி மாமா. கூட்டத்திலேயே அதிகம் கேலி பேசுகிறவரும் அவர்தான்.

நான்காவது வெள்ளிக்கிழமை அப்பா வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

"அப்பா, அறந்தாங்கி மாமாவுக்கு இடுப்பு வலிக்குது. அவர் சொல்ல மாட்டேங்கிறார்."

எல்லோரும் பாராட்டப்போகிறார்கள் என்ற நினைப்பு எனக்கு. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அன்று வேனோடு மாமாவின் ஃபோர்மேனும் வந்திருந்தார். ஓரமாக நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர் கப்பைக் கீழே வைத்தார்.

"என்ன, இடுப்பா? சொல்லவே இல்ல."

மாமாவின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, அவரை வைத்துக்கொள்வதா ஊருக்கு அனுப்புவதா என்று எழுதிக் கொடுக்கப்போவது இந்த ஃபோர்மேன்தான், இடுப்பு போன ஆளுக்குச் சாரத்தில் இடமில்லை என்பதெல்லாம் அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அதெல்லாம் மாஃபி, ஒண்ணும் இல்ல சார். பாப்பா வெளையாடுது" என்று மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், நான் நான்கு என்று எழுதியிருந்த சிம்மாசனத்தை ஒற்றை ஆளாக, இடுப்பை வளைத்துக் குனிந்து தூக்கினார். மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கொண்டுபோய் வைத்தார். நிமிர்ந்து நின்று ஃபோர்மேனிடம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஃபோர்மேன் தலையாட்டிவிட்டுக் கப்பை எடுத்துக்கொண்டார். ராஜா வேஷக்காரர் கைதட்டினார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். ஒருவர் கையுறை போடாவிட்டாலே ஒத்திகையை நிறுத்துகிறவர் வாயே திறக்கவில்லை. நான்கு பேர் தூக்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பேசாமல் இரு என்றார். அப்பாவை அவ்வளவு பயந்த முகத்தோடு நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

டீ இடைவேளையில் மாமா என்னிடம் வந்தார். உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்புடித் தாயி கண்டுபிடிச்ச?"

அன்று என் திறமையை மதித்துக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். உற்சாகமாகச் சொன்னேன். ஷூ லேஸ் கட்ட மற்றவர்கள் குனிகிறார்கள், நீங்கள் காலைத் தூக்கிப் பெட்டிமேல் வைக்கிறீர்கள். உட்காரும்போது உங்கள் கை முதலில் சுவரைத் தேடுகிறது. எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு நீங்கள் மட்டும் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள். மாமா ஒவ்வொன்றையும் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். வேறு ஏதாவது உண்டா என்றார். தும்மல் வந்தால் எதையாவது பிடித்துக்கொள்கிறீர்கள் என்றேன். அதுவுமா என்று கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. சிம்மாசனத்தின் அடியில் நான்கு சக்கரங்கள் முளைத்திருந்தன. ஒரு விரலால் தள்ளினால் போதும். உட்காரும்போதெல்லாம் நகர்கிறது என்று ராஜா முறையிட்டுக்கொண்டிருந்தார்.

ஃபோர்மேன் அன்றும் வந்திருந்தார். மாமா வேனிலிருந்து இறங்கியதும் அவர் கண் முன்னாலேயே நன்றாகக் குனிந்து ஷூ லேஸ் கட்டினார். சுவரைத் தொடாமல் உட்கார்ந்தார். யாரோ ஏதோ சொன்னதற்குக் கடைசிவரை சிரித்தார். தும்மல் ஒன்றுதான் வரவில்லை. நான் அப்பாவிடம் ஓடினேன். உங்கள் உடற்பயிற்சியில் மாமாவுக்கு வலியெல்லாம் போய்விட்டது, நானே பார்த்தேன் என்றேன். இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டுவந்தும் அப்பா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எனக்குப் புரியவில்லை.