கரும்பலகையில் நிருபம் பெயர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது எனக்கே நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? அப்போது பகல் மணி 3:10.

கொல்கத்தாவில் ஆவணி மழை. காலேஜ் ஸ்ட்ரீட்டில் இடுப்பளவு தண்ணீர். மாநகராட்சியில் உதவிப் பொறியாளனான நான் நனைந்துகொண்டே மழைநீரை வெளியேற்றும் பம்ப் ஹவுஸுக்குப் போனேன். பம்ப் ஓடவில்லை. கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து: நிருபம் சர்க்கேல், 2:50.

குப்பை அடைத்தால், பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பின்கட்டுக் கிணற்றுக்குள் இறங்குகிறவர் பெயரெழுதிவிட்டுத்தான் இறங்குவார். ஏறி வந்து தன் கையாலேயே அழிப்பார். அதுவரை பம்பைத் தொடக்கூடாது; ஓடினால் கீழே இருப்பவர் பிழைக்கமாட்டார்.

நிருபமும் நானும் ஒரே வருஷம் வேலையில் சேர்ந்தவர்கள். போன மாதம் அவன் எனக்கு மேலதிகாரியாகிவிட்டான். வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்? இப்போது தானே இறங்கி, நாளைக்குப் பேப்பரில் படம் வரப் பார்க்கிறான். பம்ப் ஆபரேட்டர் ஹாராதன்-தா கால்வாய் மதகுக்குப் போயிருந்தார். நான் மட்டும் நின்றேன்.

3:22. சுவரில் பழைய போன் அடித்தது. பின்கட்டிலிருந்து பேசுகிற லைன்.

"சௌமேன் பாபு, நான் ஏறி வந்துட்டேன். பேரை அழிச்சிட்டு பம்பைப் போடுங்க."

நிருபத்தின் குரல்தான். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு நான் 'மோட்டா', குண்டன். பதவி வந்ததும் மரியாதையாகப் பாபுவா? பல்லைக் கடித்தேன்.

"பெரிய ஆபீஸராச்சே. நீயே வந்து அழி!"

3:26. மறுபடி.

"அழிங்க, பாபு. ஊரே தண்ணில நிக்குது."

இங்கே தகரக் கூரையில் மழை காதைக் கிழிக்கிறது. போனில் மழைச் சத்தமே இல்லை...

3:31.

"அழிங்க..."

என் கையில் டஸ்டர். எப்போது எடுத்தேன்?

"மாட்டேன்! லேட்டான கெட்ட பேர் உனக்கே வரட்டும்!"

டங்... டங்... கிணற்றின் இரும்பு ஏணி.

நிருபம். நெற்றியில் ரத்தம்.

"மோட்டா... வழுக்கி விழுந்துட்டேன்டா. இப்பதான் நினைவு வந்துச்சு. நல்லவேளை, பம்பைப் போடாம இருந்தியே!"

"போன் பண்ணினியே?"

"எந்த போன்?"

விதியைக் காத்தவன் என்று எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அது என் பொறாமைக்குக் கிடைத்த கடிதம் என்று யாரிடம் சொல்வேன்?

மறுநாள் ஹாராதன்-தா போனைச் சுவரிலிருந்து எடுத்துக் காட்டினார். பின்னால் வயரே இல்லை.

"பதினோரு வருஷமாச்சு ஸார் வயரை வெட்டி. கீழ ஒரு இன்ஜினியர் இருக்கறப்பவே, 'வந்துட்டேன்'னு போன் வந்துச்சுன்னு சொல்லி இன்னொருத்தர் அவர் பேரை அழிச்சிட்டார். பம்ப் ஓடிருச்சு, கீழ இருந்தவர் செத்துட்டார். அப்புறந்தான் அவங்கவங்க கையால அழிக்கிற சட்டமே வந்துச்சு."

வயரில்லாத போனைப் பார்த்தபடி கேட்டேன். "கிணத்துக்குள்ள இருந்தவரைக் கண்டா, பேரை அழிச்சவருக்கு ஆகாதோ?"

அவர் என்னையே பார்த்தார்.

"அது உங்களுக்கு எப்படி ஸார் தெரியும்?"