அத்தா திறக்காத பாட்டில்

இன்று காலை என் அத்தாவோடு, அதாவது அப்பாவோடு, ஊருக்கு வெளியே இருக்கும் ஹத்தா என்ற மலையில் ஏறினேன். அத்தா, ஹத்தா, ரெண்டு பேரும் சொந்தமா என்று கிளம்பும்போதே கிண்டல் செய்தேன்.

வயது அறுபதை நெருங்கினாலும் அத்தாதான் முன்னால் போனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு உயரம் வீடு மாதிரி.

பாதி வழியில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது.

"நடிக்கிறீங்களா அத்தா?"

வீட்டில் மயங்கி விழுவதுபோல் நடிப்பது என் வேலை, அவருடையது அல்ல.

"இல்லடா. கண்ணு இருட்டுது."

போனில் சிக்னல் இல்லை. சுற்றிலும் ஆளே இல்லை. தண்ணீர் கொடுக்க அவர் பையைத் திறந்தேன். இரண்டு பாட்டிலும் மூடிகூடத் திறக்காமல் கிடந்தன.

"ஏன் குடிக்கல?"

"மேல ஏறிட்டா குடிக்க மாட்டேன்டா. குடிச்சா பாத்ரூமுக்குக் கீழ இறங்கணும். அதுவரைக்கும் வேலை நிக்கும்."

"இது கிரேன் இல்ல அத்தா, மலை."

"தெரியும். பழகிடுச்சு."

பாட்டிலை அவர் வாயருகே பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அதைக் கவனித்ததும்தான் அத்தா பயந்தார்.

"ஏன்டா பேசாம இருக்க? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

மெதுவாக இறங்கி வந்துவிட்டோம். இப்போது சோபாவில் தூங்குகிறார். மூச்சு வருகிறதா என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறேன்.

நாளை அவருக்கு டூட்டி. தண்ணீரைக் குடித்துப் பாட்டிலைக் காலியாகக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இப்படி வீட்டை ஏமாற்றி அனுபவமுள்ள திருடர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.