மெயினை அணைத்து அஞ்சு நிமிஷம்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சதுரங்கப்பட்டினத்து ஏசுதாஸுக்கு நடந்தது இது. பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் "போய்ப் பொழப்பப் பாரு நைனா" என்று விரட்டுகிற ஆள் அவன். அவனே என்னிடம் சொன்னான். தேதியும் மணியும் அவன் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

ஏசுதாஸ் டிவி மெக்கானிக். கல்பாக்கம், அணுபுரம் பக்கம் தட்டை டிவி வரத் தொடங்கிய காலத்தில் அதைத் திறக்கத் தைரியம் இருந்தவன் அவன் ஒருவன்தான். பாதி ரிப்பேரைப் போனிலேயே முடித்துவிடுவான். படம் உறைந்துபோனாலும் சரி, ரிமோட்டுக்கு மசியாவிட்டாலும் சரி, முதல் வைத்தியம் ஒன்றே. சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னால் பிளக்கைத் தேடி யாராவது டிவியையே இழுத்துப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், "மெயின ஆஃப் பண்ணுங்கம்மா. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க" என்பான். பத்துக்கு ஏழு டிவி அதிலேயே பிழைத்துக்கொள்ளும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

2009 ஜூன் 16, செவ்வாய்க்கிழமை. அணுபுரத்துக்குப் பக்கத்தில் சொந்த வீடு கட்டிக் குடியிருந்த வரலட்சுமி அம்மாள் கூப்பிட்டார். கணவர் சம்பத் இறந்து நாலு மாதம். ஒரே மகன் பத்ரி புனேயில் வேலை. தினமும் மதியம் 2.10க்கு டிவி இருண்டுபோகிறது, 2.15க்குத் தானாக வெளிச்சம் வருகிறது என்றார்.

"டிவியிலதான் கோளாறுன்னு நீங்க சொல்லணும் தம்பி. என் புத்தியிலதான் கோளாறுங்கறான் பையன். என்னைப் புனேக்குக் கூட்டிட்டுப் போகப் போறானாம். அவர் வாழ்ந்த வீட்ட விட்டு நான் எப்படிப் போவேன்?"

"இன்னாம்மா நீங்க… நான் வந்து பாக்கறேன்."

1.40க்குப் போய்ச் சேர்ந்தான். டிவியை இறக்கி மேஜைமேல் வைத்து, முதுகைக் கழற்றினான். கண்டன்சர் ஒன்றும் உப்பவில்லை. வோல்டேஜ் சரி. மூடி, போட்டான். ஏதோ சீரியல் ஓடியது. அதில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

2.10.

டப்.

திரை கறுத்தது. அழுகைச் சத்தமும் நின்றது. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தது. ஸ்ஸ்ஸ்… டக். ஸ்ஸ்ஸ்… டக். ஸ்பீக்கர் கிழிந்திருக்கும் என்று நினைத்தான்.

பின்னால் இருக்கிற விளக்கு போனாலும் படம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கலாகத் தெரியும். தொழிலில் எல்லோரும் செய்கிற சோதனைதான். ஏசுதாஸ் டார்ச்சை அடித்தான்.

படம் இருந்தது. ஆனால் சீரியல் இல்லை.

ஒரு கட்டில். பச்சைக் கட்டம் போட்ட போர்வை. மூக்கில் குழாயோடு ஒருவர் படுத்திருந்தார்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கினால் பத்து விநாடியில் டிவி முன்னால் இருக்கிற சிவப்பு லைட்டு செத்துப்போகும்.

அது எரிந்தது.

ஸ்ஸ்ஸ்…

'டக்' வரவில்லை.

படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. கை கட்டிலோரத்தில் எதையோ தேடியது. முகம் வாசல் பக்கம் திரும்பியது.

யாரும் வரவில்லை.

கை விழுந்தது…

2.15. சிவப்பு லைட்டு அணைந்தது.

"தெரிஞ்சுதா?" பின்னால் நின்ற வரலட்சுமி அம்மாள் கேட்டார். "உங்களுக்கும் தெரிஞ்சுதா?"

ஏசுதாஸ் தலையை ஆட்டினான்.

"பிப்ரவரி பதினொண்ணு. டிவி நின்னுபோச்சுன்னு உங்களுக்குத்தான் போன் பண்ணேன். மெயின ஆஃப் பண்ணச் சொன்னீங்க. கரண்ட் போனா அவருக்கு ஆக்ஸிஜன் மெஷின் நின்னுடும், இப்ப கேட்டீங்களே, அந்தச் சத்தம் அதுதான். சிலிண்டருக்கு மாத்தணும். அன்னிக்கு அசந்து தூங்கினார். எழுப்ப மனசு வரல. அஞ்சு நிமிஷந்தானேன்னு… சுவிட்ச்சு பக்கத்துல நின்னு கடிகாரத்தையே பாத்துட்டிருந்தேன்."

அவன் டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தான்.

"உங்கமேல தப்பில்ல தம்பி. மெஷின் ஓடுதுன்னு நான் சொல்லல. நீங்களும் கேக்கல. பத்ரிக்கு இது தெரியாது."

பாவி மனுஷி, அதைச் சொல்லிவிட்டு அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். பெற்ற தாய் முன்னால் அழுவதுபோல் அழுதேன் என்றான் ஏசுதாஸ். பிறகு பத்ரிக்குப் போன் போட்டு, "போர்டுலதான் சார் ஃபால்ட்டு. அம்மா சொல்றது நெசம்" என்றான். தொழிலில் அவன் சொன்ன ஒரே பொய் அதுதான். அதுவும் பலிக்கவில்லை. ஒரே மாதத்தில் பத்ரி வந்து அம்மாவையும் டிவியையும் புனேக்குக் கொண்டுபோய்விட்டான்.

அன்றிலிருந்து ஏசுதாஸ் போனில் வைத்தியம் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பான். "வூட்ல ஒடம்பு சரியில்லாதவங்க யார்னா கீறாங்களா?"

2010 பிப்ரவரி 11. மதியம் 2.13. பத்ரி கூப்பிட்டான்.

"டிவி திரும்பவும் போயிடுச்சுங்க."

"வூட்ல ஒடம்பு சரியில்லாதவங்க யார்னா கீறாங்களா சார்?"

"அம்மாதான். ரெண்டு மாசமா மூச்சுத் திணறல். ஆக்ஸிஜன் மெஷின்ல இருக்காங்க."

"மெயினத் தொடாதீங்க சார்!"

"ஆஃப் பண்ணி மூணு நிமிஷம் ஆச்சே. நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு அம்மாதான் சொன்னாங்க. சிலிண்டருக்கு மாத்திக்கிட்டேன், அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுன்னு…"

"போடுங்க சார்! ஓடுங்க!"

ஓடுகிற சத்தம் கேட்டது. போன் எங்கோ விழுந்தது. அந்தப் பக்கம், கரண்ட் இல்லாத வீட்டில்…

ஸ்ஸ்ஸ்…

'டக்' வரவில்லை.

பத்து நாள் கழித்துப் பத்ரி பேசினான். அம்மா போய்விட்டார். சிலிண்டரின் சீல் பிரிக்கப்படவே இல்லையாம். முகம் மட்டும், யாரோ கூப்பிட்டதுபோல், வாசல் பக்கம் திரும்பியிருந்ததாம்.

அதற்குப் பிறகு அந்த டிவி ஒருநாளும் இருண்டதில்லை.